குரல்: வைகுண்டராஜ்

உத்தமபாளையம் ஏலக்காய் வியாபாரியின் மகன் வைகுண்டராஜ், 2003 ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தன் குழுவின் முதல் ஆல்பத்துக்குப் பாட அப்பாவின் காலிச் சரக்குக் கிட்டங்கிக்குள் நுழைந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதனால் வாசல்படியில் இடறினான்.

கதவைச் சாத்தியதும் வெளியே போன பஸ்ஸின் ஹாரன் பாதியில் அறுந்தது. சுவர் முழுக்கச் சாக்கு அடித்திருந்தார்கள். பேசினால் சொல் ஒரு முழம் போய் விழுந்துவிடும். எதிரொலி இல்லை. பழைய ஏலக்காய் வாசம் மட்டும், யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல, விட்டு விட்டு வந்தது.

குழுவின் பெயர் 'தி சுருளி ஸ்பார்க்ஸ்'. வாசிப்பது பவர் பாப். கிட்டார் கணகணக்க, கைதட்டல் துள்ள, இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து எகிறும் பாட்டு என்று வைகுண்டராஜ் ஊரெல்லாம் விளக்கியிருந்தான். டிரம்ஸ் வாசிக்கும் வேல்பாண்டிக்கு மட்டும் அது ஏறவில்லை.

"கரண்டு இருந்தாத்தானண்ணே பவரு?" என்பான்.

மூன்றாமவன் அஸ்லம். பொங்கல் முடிந்த வாரம் குமுளி மலைப்பாதை வளைவில் பைக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டான். பத்துப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டவன் அவன். வைகுண்டராஜ் போட்டது ஆம்ப்ளிஃபயருக்குக் காசு.

அஸ்லமிடம் ஒரு பழக்கம். வைகுண்டராஜுக்குச் சுருதி விலகினால் திட்டமாட்டான், முறைக்கமாட்டான். நாக்கை அண்ணத்தில் தட்டி "ச்சு" என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு சத்தத்துக்காக வைகுண்டராஜ் அவனை நாலு வருடம் மனதுக்குள் வெறுத்தான். சாவு வீட்டில் வாய்விட்டு அழுதவனும் அவன்தான். அங்கே யாரும் "ச்சு" சொல்லவில்லை.

ஆல்பத்தின் அட்டை முந்தின வாரமே அச்சாகி வந்திருந்தது. பாடல், இசை, குரல், கிட்டார், தயாரிப்பு: வைகுண்டராஜ்.

வேல்பாண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அஸ்லம் பேரு எங்கண்ணே?"

"அவன் மேல இருந்து பாத்துக்கிருவான்ல. அவனுக்கு எதுக்குடா அட்டையில பேரு?"

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சுகிர்தம்தான் பதிவு செய்தாள். வைகுண்டராஜ் மைக் முன்னால் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, முதல் பாட்டைப் பாடி முடித்தான். அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"கூட யாரு பாடுனது?"

"நான் மட்டுந்தான்."

ஒலிபெருக்கியில் போட்டாள். இரண்டு குரல்கள். ஒன்று வைகுண்டராஜ். இன்னொன்று அவனுக்குக் கொஞ்சம் மேலே, அலட்டாமல், தண்ணீர் இறங்குவதுபோலப் போயிற்று. சரணத்தில் வைகுண்டராஜ் சறுக்கிய இடத்தில்,

"ச்சு."

வேல்பாண்டியின் கையிலிருந்து குச்சி விழுந்தது.

இரண்டாம் தடவை பாடினான். மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் இன்னும் நெருங்கி வந்தது. "ச்சு"க்களும் கூடின.

"ஒரு நிமிசம் எல்லாரும் வாயைப் பொத்திக்கங்க," என்றாள் சுகிர்தம். ஆளில்லாத மைக்கைத் திறந்துவிட்டு, முன்னமே பதிந்திருந்த டிரம்ஸையும் கிட்டாரையும் மட்டும் ஹெட்போனில் ஓட்டினாள்.

கிட்டங்கியில் ஒரு சத்தமும் இல்லை.

ஏலக்காய் வாசம் கெட்டியாயிற்று.

பதிவைப் போட்டார்கள். முழுப் பாட்டும் இருந்தது. ஒரே குரல். ஒரு "ச்சு"கூட இல்லை.

வேல்பாண்டி தேம்பித் தேம்பி அழுதான். சுகிர்தத்தின் விரல் தானாகப் போய் அதையே மறுபடி போட்டது. பிறகு இன்னொரு தடவை.

வைகுண்டராஜின் முதுகு சில்லிட்டிருந்தது, உண்மை. ஆனால் பேய் பாடியதைவிட, அதை மூன்று தடவை கேட்கிறார்களே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவன் பாட்டை யாரும் இரண்டாம் தடவை போடச் சொன்னதில்லை.

"அழி," என்றான்.

"அண்ணே, வேணாம்ணே. அவன் பேரைப் போட்டுருவோம்ணே."

"அழின்னு சொன்னேன்ல!"

அழித்தாள். மறுபடி பாடினான். இந்தத் தடவை பதிவில் அவன் குரல் மட்டும் இருந்தது. பத்துப் பாட்டும் அப்படியே, சறுக்கல்கள் உட்பட, யாரும் குறுக்கிடாமல் முடிந்தன. செத்த பிறகாவது தோற்றானே என்று வைகுண்டராஜ் அன்று பரோட்டா வாங்கிக் கொடுத்தான். மற்ற இருவரும் சாப்பிடவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு, கம்பத்தில் ஒரு கேசட் கடையில் வெளியீடு. மாலை, சால்வை, தானே எழுதிக் கொடுத்த வாழ்த்துரை. இரண்டாம் பாட்டு ஓடும்போதே கரண்டு போயிற்று. கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது.

ஒரு பெண் மட்டும் நின்றாள். அஸ்லமின் தங்கை ரெஹானா. குறுந்தகட்டின் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க விரலால் தடவிப் படித்தாள்.

"மெட்டெல்லாம் யாரு போட்டது?"

வேல்பாண்டி வைகுண்டராஜைப் பார்த்தான்.

"நான்தான்," என்றான் வைகுண்டராஜ்.

"ச்சு."

கடையின் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கடையில் மின்விசிறி ஓடவில்லை. பிளேயரில் விளக்கு எரியவில்லை. கடைத்தெரு முழுக்கக் கரண்டு இல்லை.

"அண்ணே?" என்றாள் ரெஹானா மெதுவாக.

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவன் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குள் ஏலக்காய் வாசம் வந்தது.

பிறகு முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரே குரல்.

ஓட வேண்டும் என்று வைகுண்டராஜுக்குத் தெரிந்தது. கால் நகரவில்லை. சரணம் வந்தது. எப்போதும் தான் சறுக்கும் அந்த இடம் வந்தது. அந்தப் பயத்திலும் காதைத் தீட்டிக் காத்திருந்தான், ஒரு தடவையாவது சுருதி விலகாதா என்று.

விலகவில்லை.