ஈர்க்குச்சி கேட்

மூடியே இருக்கும்படி வைத்த கேட் ஒரு விரற்கடை தூக்கியிருந்தது.

சந்தோஷ்குமார் முதலில் வெயில் மேல் பழியைப் போட்டார். குளத்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஆளே வதங்கிப் போகும்போது, தென்னை ஈர்க்குச்சியைச் சீவி, சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த தடுப்புக்கட்டை வளையாதா என்ன? இடுக்கியால் அதைக் கீழே அழுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையை முழுதாக அடைத்திருந்த தன் குட்டி ரயில் பாதையை ஒரு சுற்று பார்த்தார். சலித்த சரளை, தண்டவாளம், தேங்காய் நாரில் முந்திரி மரங்கள், தீப்பெட்டி அளவில் கேட் ரூம், உள்சுவரில் தீக்குச்சி முனையில் செதுக்கிய போன், வாசலில் சிவப்புக் கொடியோடு பொம்மையாக அவரே. இருபத்திரண்டு வருஷம் அவர் கேட் கீப்பராக இருந்த இடம் அது. நிஜ கேட் இப்போது இல்லை. நாலு வருஷத்துக்கு முன் சுவர் வைத்து அடைத்து, கொஞ்சம் தள்ளி சப்வே போட்டுவிட்டார்கள்.

கேட்டை ஏற்றி இறக்கும் வின்ச்தான் அவருடைய பெருமை. பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் இரண்டு, பேனா ரீஃபிலை நறுக்கி உருளை, மின்கம்பியின் ஒற்றை இழையில் கயிறு, குண்டூசியை வளைத்துக் கைப்பிடி. சுற்றினால் நிஜமாகவே ஏறும், இறங்கும். அதற்கு மட்டும் பதினொரு நாள் ஆயிற்று. முடித்த அன்று "பாத்தியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, கேட்க ஆளில்லாத வீட்டில் கூச்சமாகி வாயை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி செவந்தி அந்த கேட்டில்தான் செத்தாள். ஆறு வருஷத்துக்கு முன், மதியம் இரண்டு மணிக்கு, மொபெட்டில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது. கேட் மூடித்தான் இருந்தது, அவசரத்தில் வண்டியைச் சாய்த்துக் குனிந்து நுழைந்துவிட்டாள் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். ஒரே மகள் காவ்யாவும் அதைத்தான் நம்பியிருந்தாள். போன மாசம் திருச்சியிலிருந்து போன் செய்து கேட்டாள்.

"அம்மா இடுப்புல பெல்ட்டு போட்டிருந்தாங்கல்லப்பா. கீழ விழுந்த கரண்டியக்கூட என்னையத்தான் எடுக்கச் சொல்லுவாங்க. அவங்க எப்படிக் குனிஞ்சு வந்தாங்க?"

நேரில் வா, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். காட்டுவதற்காகத்தான் இத்தனையும். நுணுக்கமாகச் செய்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவர் கணக்கு. அவளும் நம்பாமல் போய்விட்டால் உலகத்தில் அவருக்கென்று ஒரு ஆள் மிச்சமில்லை.

நடந்தது வேறு. வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, தாளில் அச்சடித்திருக்கும் ரகசிய எண்களில் அடுத்ததைச் சொல்ல வேண்டும். எண் சொன்னால் கேட் மூடியாயிற்று என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் வண்டியை விடுவார்கள். சந்தோஷ்குமார் எண்ணை முதலில் சொல்லிவிடுவார். அப்புறம் டீயைக் குடித்து முடித்து, ஆற அமரப் போய்ச் சுற்றுவார். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அன்று ஆயிற்று. புருஷன் நிற்கிற கேட் திறந்திருந்தால் பாதை பத்திரம் என்று செவந்தி நம்பி வந்தாள்.

மறுநாள் கேட் பாதி ஏறியிருந்தது.

கட்டையைக் கம்பியால் கட்டினார். அன்று சாயங்காலம் மேசையிலிருந்து பெயிண்ட் வாடைக்கு நடுவே காய்ந்த கிரீஸ் வாசனை வந்தது. அதற்கும் அடியில், மூடிய பாத்திரத்தைத் திறந்த மாதிரி, சூடான புளிக்குழம்பு வாசனை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பு பற்றவைத்து இரண்டு நாளாகியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் கம்பி அவிழ்ந்து, ஒழுங்காகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கேட் முழுதாகத் திறந்து நின்றது. வின்ச்சைச் சுற்றி இறக்கி, பல்சக்கரங்களுக்கு நடுவே சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பினார். இனி எவர் சுற்றினாலும் அசையாது என்று சத்தமாகவே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காவ்யா வருவதாக இருந்தது. சமைக்க வேண்டாம், மதியச் சாப்பாட்டைத் தானே வாங்கி ஸ்கூட்டரில் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். ஒன்றே முக்காலுக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை. கரண்ட் போய், மின்விசிறி கடைசிச் சுற்றை இழுத்து இழுத்துச் சுற்றி ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். டக். வின்ச் பல்லில் கொக்கி விழுகிற சத்தம்.

மேசைக்கு வந்தார். கேட் திறந்திருந்தது.

பசை உடையவில்லை. திறந்தபடியே காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது. வாசலில் நின்ற பொம்மையின் கையில் அவர் பூசிய சிவப்பு இல்லை. பச்சைக்கொடி.

மணி அடித்தது. தீக்குச்சி போன். கிர்ர், கிர்ர் என்று, கொசு அளவுக்கு, ஆனால் அதே மணி. குனிந்து காதைக் கொண்டுபோனார். ஸ்டேஷன் மாஸ்டரின் குரல்.

"கேட் ரூமா? வண்டி விடணும். நம்பர் குடுங்க."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மனசு விழிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"நாப்பத்தி மூணு."

மணி நின்றது. தன் குரலைத் தானே கேட்டார். இடுக்கியால் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. விரலால் திருப்பினார். குண்டூசி சதையில் ஏறியது. அசையவில்லை.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. காவ்யா.

"அப்பா, சப்வே கட்டிட்டாங்கன்னுல்ல சொன்னீங்க? இங்கிட்டு பழைய கேட்டு அப்படியே இருக்கு."

"நில்லு. அங்கயே நில்லும்மா."

"தொறந்துதான்ப்பா இருக்கு. கேட் ரூம் வாசல்ல நீங்கதானே நிக்கிறீங்க? வா வான்னு கை காட்டுறீங்க. இந்தா வாரேன்."

"காவ்யா, அது நானில்லை. நம்பாத. அன்னைக்கும் தொறந்துதான் கெடந்துச்சு. அம்மா குனியல. நான் மூடல."

ஆறு வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போன் எப்போதோ கட்டாகியிருந்தது.

மேசை அதிர ஆரம்பித்தது. சரளைக் கற்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன. தண்டவாளம் முனகியது. முந்திரி மரங்களுக்கு நடுவே, அவர் செய்யாத ஒரு ஸ்கூட்டர், அரிசி அளவு, கைப்பிடியில் சாப்பாட்டுப் பை ஆட, திறந்த கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

வின்ச் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். அவளையும் அவர் செய்யவில்லை. சேலைக்கு மேல் இடுப்பு பெல்ட். குனியாமல், முதுகை நேராக வைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கேட்டை இறக்குவதற்காக முழு பலத்தையும் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தாள். பசை விடவில்லை. அவள் ஒரு தரம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் திருப்பினாள்.