பவளம் வளராத இரண்டு மாதங்கள்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் ரங்கநாயகியின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. அன்று காலை அங்கே வந்தவர் அலங்காநல்லூர் விவசாயி காளை. அவருடைய மகள் தாமரைச்செல்வி ஸ்கூட்டர் விபத்தில் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

“எம் மக கோச்சடை காலேஜ் லேப்ல பவளப்பூச்சி வளத்துச்சும்மா. சொல்லாமக்கொள்ளாம வேலையைப் போட்டுட்டுப் போயிருச்சாம். அது செத்த அன்னைக்குத் தொட்டி சூடாகி எல்லாம் செத்துருச்சுன்னு எழுதியிருக்காக. அது அப்படிப்பட்ட பிள்ளை இல்ல. மானாமதுரை ரோட்டுல அதுக்கு என்ன சோலின்னும் தெரியல.”

“வண்டியில என்ன இருந்துச்சு?”

“ரெண்டு காலி கேன். அம்புட்டுத்தான்.”

ரங்கநாயகி இருபது வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். உதவியாளர் அழகுபாண்டி, போலீஸ் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவரும் அன்றே கோச்சடைக்குப் போனார்கள்.

பேராசிரியர் விஜய்ஆனந்த் இறந்த பவளக் கிளை ஒன்றை நெடுக்காக அறுத்துக் காட்டினார். வெள்ளை நிறத்தின் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடின.

“ஜனவரியில ஒரு தடவை, ஏப்ரல்ல ஒரு தடவை சாயத்துல ஊற வச்சோம். பவளம் தண்ணியில இருக்கற சுண்ணாம்பை எடுத்துத்தான் எலும்பு கட்டும். கோட்டுக்கு வெளியே இருக்கறது சாயம் போட்ட பிறகு வளர்ந்தது.”

முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது. இரண்டாவது கோட்டுக்கு வெளியே நகத்தின் கனம்கூட இல்லை.

தாமரைச்செல்வியின் நோட்டில் தினமும் ஒரே கணக்கு: சூடு இருபத்தேழு டிகிரி, உப்பு சரி. கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ‘98’ என்று ஓர் எண். விளக்கம் எதுவும் இல்லை.

“அன்னைக்குக் குளிர்விக்கிற மிஷின் நின்னு மூணு டிகிரி ஏறிருச்சு. அவங்க இருந்திருந்தா கவனிச்சிருப்பாங்க” என்றார் பேராசிரியர்.

“அப்ப சூடுதாங்க்கா கொன்னுருக்கு” என்றார் அழகுபாண்டி.

ரங்கநாயகி மூலையில் பாதி காலியாக இருந்த கடல்நீர்க் கேனிலிருந்து தண்ணீர் எடுத்து, பரிசோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தாள். பிறகு வாசலில் நின்ற வேனைப் பார்க்கப் போனாள். டிரைவர் மலையாண்டிதான் புதன்தோறும் மண்டபம் கடற்கரையிலிருந்து கடல்நீர் கொண்டு வருபவர். கண்ணாடிக்கு மேலே ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டுகள் செருகியிருந்தன. அவற்றின் தேதிகளை அழகுபாண்டி குறித்துக்கொண்டார்.

மறுநாள் காளையும் மலையாண்டியும் பேராசிரியரும் ஆய்வகத்தில் கூடினார்கள்.

“ஒரு நாள் சூடு கொன்னிருந்தா, முந்தின நாள் வரைக்கும் பவளம் வளர்ந்திருக்கணும்” என்று தொடங்கினாள் ரங்கநாயகி. “ஏப்ரல்லயே நின்னுருச்சு. சூடு சரி, உப்பும் சரி. அப்ப இல்லாதது எது? கடல் தண்ணியில லிட்டருக்கு நானூறு மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். இந்தக் கேன்ல தொண்ணூத்தெட்டு. தாமரைச்செல்வி எழுதி வச்ச அதே எண். இது குழாய்த் தண்ணியில சமையல் உப்பு கலந்தது. கடல் தண்ணிதானேன்னு அதுவரைக்கும் யாரும் சுண்ணாம்பை அளக்கல.”

“எலும்பு கட்ட முடியாம இளைச்சுக் கிடந்திருக்கு. அதான் மூணு டிகிரியைத் தாங்கல” என்றார் விஜய்ஆனந்த் மெதுவாக.

“ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே புதன்கிழமைங்க்கா” என்றார் அழகுபாண்டி. “கடலுக்குப் போனதா கையெழுத்துப் போட்ட அதே நாளுக.”

மலையாண்டி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“வீட்டுக்காரிக்குக் கிட்னி போயிருச்சு. புதனுக்குப் புதன் ரத்தம் சுத்தம் பண்ணணும், கூட நிக்க ஆள் இல்ல. லீவு கேட்டா வேற ஆளைப் போட்டுருவாகன்னு பயந்தேன். உப்பு உப்புத்தானேன்னு நெனச்சுட்டேன்.” சற்று நிறுத்தினார். “பாப்பா சாகறதுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. ஆரஞ்சு உரிச்சு அவளுக்கு ஊட்டி விட்டுச்சு. தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.”

“அன்னைக்குத்தான் சுண்ணாம்பை அளந்து உங்களைத் தேடி வந்திருக்காங்க. நீங்க கடலுக்குப் போகாத காரணம் அப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் ரங்கநாயகி. “காரணத்தை எழுதினா உங்க வேலை போயிரும்னு எண்ணை மட்டும் எழுதியிருக்காங்க. மறுநாள் விடிஞ்சதும் தானே கடல் தண்ணி எடுக்கக் கிளம்பியிருக்காங்க. மானாமதுரை ரோடு மண்டபம் போற வழி.”

பேராசிரியர் காளையிடமிருந்து கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். “வேற கடிதம் தரேன்யா. ஆராய்ச்சியும் அவங்க பேர்லதான் வரும்.”

காளை அவரைப் பார்க்கவில்லை. எழுந்து மலையாண்டியின் எதிரே போய் நின்றார். அடித்துவிடுவாரோ என்று அழகுபாண்டி ஓரடி முன்னால் வந்தார்.

“உம் பொண்டாட்டி இப்ப எப்படி இருக்கா?”

“ஆடி பொறந்த அன்னைக்குப் போயிட்டாண்ணே.”

காளை அவர் பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.