பாதியில் நின்ற நேர்த்தி

"இனி இந்தப் பெல்ட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கோ!"

றெனால்ட் அம்மாவின் இடுப்புப் பெல்ட்டைக் கதிரையில் எறிந்தான். அன்ரோனெற் கட்டில் விளிம்பில் அப்படியே இருந்தாள். அவளுடைய முதுகெலும்பில் ஒப்பரேசன் செய்து ஸ்குரூ வைத்த பிறகு, இந்த ஒன்றரை வருடமும் கடலுக்குப் போகுமுன் அதைக் கட்டிவிட்டவன் அவன்தான்.

"மடு மாதா திருநாளில முழங்காலில போகாதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்... கேட்டனீங்களே? பாதியில விழுந்து, ஸ்குரூவையும் கழட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்! ஆரைக் கேட்டு நேர்த்தி வைச்சனீங்கள்?"

குசினி வாசலில் நின்ற மருமகள் சுவேதினி வாய் திறக்கப் பார்த்தாள். அன்ரோனெற் கண்ணாலேயே அவளை அடக்கினாள். ஏழு வருடம் காத்திருந்து இப்போதுதான் வயிற்றில் ஐந்து மாதம். இந்த நேரத்தில் அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கலாமா?

"பிழை என்னிலதான் தம்பி..."

சுவேதினியும் கூட வர, ஓலைத்தொடுவாயிலிருந்து ஆசுபத்திரி வரை ஓட்டோவில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். மூன்று வயதிலும் கோபம் வந்தால் இப்படித்தான் உம்மென்று இருப்பான். அதே வயதில், தொண்ணூறில், சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்குப் போன வள்ளம் அவர்களை நடுக்கடல் மணல்தீடையருகே இறக்கிவிட்டபோது, இடுப்பளவு தண்ணீரில் அவனை உப்பு மூட்டை தூக்கி நடந்தாள் அன்ரோனெற். பயமே இல்லாமல் அவன் குதிக்காலால் அவள் இடுப்பைத் தட்டி, "ஓடுங்கோ அம்மா, ஓடுங்கோ!" என்று சிரித்தான். என்ன முதுகு அது அப்போது! அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று மனம் ஏங்கியது.

டொக்டர் பெல்ட்டைக் கழற்றிப் பரிசோதித்தார். இரண்டு எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் மாட்டினார். றெனால்ட் முழங்கால் கதையைச் சொல்லி முறையிட்டான்.

"இல்லைத் தம்பி. இது திருநாளுக்கு ரெண்டு மாசம் முந்தி எடுத்த படம். இதிலயே ஸ்குரூவைச் சுத்திக் கறுப்பு வளையம் தெரியுது. அம்மாவின்ர எலும்பு ஐதாப் போச்சு. உளுத்த பலகையில அடிச்ச ஆணி அசைய அசைய ஓட்டை பெருக்கும்தானே? கம்பி போட்ட இடம் வளையாது. அந்தப் பாரமும் மேல இருக்கிற எலும்பில விழுந்து, அதுவும் அமந்திட்டுது. அம்மாவில ஒரு பிழையும் இல்லை. முதல்ல எலும்புக்கு மருந்து குடுப்பம்."

வள்ளப் பலகையோடு வளர்ந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெல்ட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சுவேதினிக்கு அதற்கு மேலும் பொறுக்கவில்லை, ஓவென்று அழுதுவிட்டாள்.

"அது மாமியின்ர நேர்த்தியே இல்லை! பிள்ளை தங்கினா முழங்காலில வாறன் எண்டு மாதாவிட்ட நேந்தது நான்... வயித்துப்பிள்ளையோட வேண்டாமெண்டு எனக்காகத்தான் மாமி போனவ. உங்களிட்டச் சொல்லவும் விடேல்ல!"

றெனால்ட் எழுந்தான். ஆட்கள் போய்வரும் சீமெந்துத் தரையில் தாயின் முன் முழங்காலில் இருந்து, பெல்ட்டைச் சுற்றிக் கட்டினான்.

"இறுக்கமே அம்மா?"

"காணும் ராசா..."

"பீடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் கிடந்தது?"

"பாதித் தூரம்."

"அதை நான் முடிக்கிறன்." அவன் அவள் மடியில் முகம் புதைத்து விம்மினான். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா!"

அன்ரோனெற் அவன் தலையைத் தடவினாள். கண்ணீரோடு சிரிப்பும் வந்தது.

"ஓடாத ராசா. மெல்லப் போ."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அழுத முகத்தோடு, மணல்தீடையில் சிரித்த மாதிரியே சிரித்தான்.