ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவது ஆட்டம்

மாலை 4.40. மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற கணக்குக் கிராணி கனகசுந்தரம் நாற்காலியில் செத்துக் கிடந்தார். எதிரே கம்ப்யூட்டர் திரையில் சதுரங்கக் கட்டம். 'வெள்ளை வென்றது' என்றது திரை. வெள்ளை அவர்தான்.

ஒன்பது வருடமாக மனிதர் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார். நான்காவது நகர்த்தலில் ஒரு சிப்பாய்க்காகக் குதிரையையே காவு கொடுப்பார். புத்தியுள்ளவன் எவனும் ஆடாத ஆட்டம். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு முறை ஆடி, அத்தனை முறையும் மண்ணைக் கவ்வியவர். தோட்டமே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

"இருதய நோயாளி, மேடம்," என்றான் அக்காள் மகன் மகிந்தன். பாரோய் டவுனிலிருந்து நாலு மணிக்கு வந்து பார்த்ததாகச் சொல்லிப் போலீசைக் கூப்பிட்டவன் அவன்தான். "ஜெயிச்ச சந்தோஷம் தாங்கல லா. நெஞ்சு அடைச்சிருச்சு."

இருபது வருடமாகச் சமைத்துப் போட்ட மயிலம்மாள் லுக்குட் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு ஆறுதல். "ஒரு தடவையாச்சும் ஜெயிச்சிட்டுத்தான் போயிருக்காரு. எனக்கு அது போதும் மேடம்."

இன்ஸ்பெக்டர் ஷாமினிக்குப் போதவில்லை. சந்தோஷச் சாவு என்றாலே அவளுக்குச் சந்தேகம். பிணத்தின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். காலி.

"நெஞ்சு மாத்திரை எங்கக்கா?"

"பையிலதான் இருக்கும். குளிக்கப் போனாலும் பாட்டில எடுத்துக்கிட்டுப் போவாரு."

ஷாமினி மகிந்தன் பக்கம் திரும்பினாள். "ஆட்டம் 3.05க்கு ஆரம்பிச்சு 3.41க்கு முடிஞ்சிருக்கு. நீங்க அப்ப எங்க?"

"கார்ல, மேடம். வர்ற வழியில."

"ஆட்டத்தை எழுதி வைப்பாரா?"

"நோட்டு ஒண்ணு இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் எழுதுவாரு. இன்னைக்கு மறந்திருப்பாரு."

"முடிஞ்சதுமா? காலையில குளிச்சிட்டு வந்து எழுதினாரே!" என்ற மயிலம்மாள், சாமி மேடையிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். ஷாமினி கடைசிப் பக்கத்தைத் திரையோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தாள்.

மாலை 5.20.

"எங்கப்பா தோட்டத்துல ஆள் மேய்க்கிற மண்டோர்," என்றாள் ஷாமினி மகிந்தனிடம். "காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல ஆள் கூடினதும், யாருக்கு எந்த மர நெரைன்னு கிராணி முதல்ல செக்ரோல் புத்தகத்துல எழுதுவாரு. அப்புறம்தான் ஆள் காட்டுக்குப் போகும். உங்க மாமா அந்தப் பழக்கத்தை விடல. தன்னோட முதல் நாலு நகர்த்தலை விடியக்காலையிலயே எழுதிடுவாரு. கம்ப்யூட்டர் என்ன ஆடினாலும் மாத்த மாட்டாரு. நான் பார்த்த பழைய பக்கம் எல்லாத்துலயும் எழுதினபடிதான் கம்ப்யூட்டர்லயும் ஆடியிருக்கு."

"அதுக்கு?"

"குதிரையக் குடுத்து அலுத்துப்போச்சு போல. இன்னைக்கு பிஷப்பக் குடுக்கறதா எழுதியிருக்காரு. திரையில குதிரை போயிருக்கு. இதை ஆடினது பழைய கதையை மட்டும் தெரிஞ்ச ஆளு; நோட்டை ஆட்டம் முடிஞ்சதும்தான் எழுதுவாருன்னு நம்பின ஆளு. உங்க பாக்கெட்டக் காட்டுங்க."

கான்ஸ்டபிள் அவன் பையில் கை விட்டார். மாத்திரை பாட்டில் வந்தது.

மகிந்தன் ஒப்புக்கொண்டான். தனக்குச் சொந்தமான லுக்குட் வீட்டைத் திங்கட்கிழமை மயிலம்மாள் பெயருக்கு மாற்ற மாமா முடிவு செய்திருந்தாராம். மதியமே வந்து அதைக் கேட்டவனோடு சண்டை. கிழவருக்கு நெஞ்சுவலி வந்தது. பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். "கைய நீட்டிக்கிட்டே இருந்தாரு. பத்து நிமிஷம்," என்றான், ஏதோ பஸ்சுக்குக் காத்திருந்ததைச் சொல்வது போல. பிறகு பிணத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் போனிலிருந்த இன்னும் கெட்டிக்கார இயந்திரத்தைக் கேட்டுக் கேட்டு, முழு ஆட்டத்தையும் ஆடி ஜெயித்திருக்கிறான்.

விலங்கு மாட்டி அவனை வெளியே கொண்டுபோனார்கள். மயிலம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. ஷாமினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஐயா ஜெயிக்கவே இல்லியா மேடம்?"

ஷாமினிக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் இவள் உண்மையைக் கேட்கத்தான் போகிறாள்.

"இல்லக்கா. இன்னைக்கு அவரு ஆடவே இல்ல."