தன்ஷிகாவின் தலைவலி மாத்திரை

காலையில் கண் விழித்ததும் தன்ஷிகாவின் ரத்தம் அவளிடம் பேசும். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் அரிசி அளவில் பதித்திருந்த குருதிமானி சர்க்கரை, உப்பு, இரும்பு என்று வரிசையாக ஒப்பிக்கும். நிலவின் மறுபக்கத்தில் பனி உருக்கும் நிலையத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்குப் பல நாள் காதில் விழுந்த ஒரே குரல் அதுதான்.

அன்று தலை பிளந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வாமை மாத்திரையை எடுத்தாள்.

“வேண்டாம்,” என்றது குருதிமானி. “ஒவ்வாமையால் மூக்கடைத்து வரும் தலைவலி என்றால் அது ஓரளவு உதவலாம். உங்களுக்குத் தும்மல்கூட இல்லை. ஒவ்வாமையின்போது ஏறும் ஹிஸ்டமினும் ரத்தத்தில் சரியாகவே இருக்கிறது. இது தூக்கத்தைத்தான் தரும்.”

“அஞ்சு மாசம் முன்னாடி போட்டேன், நின்னுச்சே?”

“அன்று சரக்குக் கலம் வந்திருந்தது. அதில் வந்தவர்களோடு ஐந்து மணி நேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். மற்ற ஒன்பது முறையும் வெறுமனே தூங்கினீர்கள். எழுந்ததும் வலி திரும்பி வந்தது.”

“உனக்கு என்ன தெரியும்,” என்று முணுமுணுத்தபடி விழுங்கினாள்.

மதியம் பனி உருக்கும் உலைக்கு எதிரிலேயே கண் செருகிவிட்டது. அழுத்தம் ஏறி அபாய மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. குருதிமானி காதுக்குள் அலறி எழுப்பியபோது உலை வெடிக்க நாலு விநாடிதான் மிச்சம். வால்வைத் திறந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். செத்திருந்தால் அடுத்த கலம் வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது என்ற நினைப்பு உலை வெடிப்பதைவிட மோசமாக இருந்தது.

“சரி, நீயே சொல்லு. எனக்கு என்னதான் மருந்து?”

“தினமும் யாரோடாவது பேசுங்கள்.”

கோவையில் மகள் ஆதினி தனியாக இருந்தாள். பேசினால் மூன்றே விநாடியில் பதில் வந்துவிடும். ஆனாலும் இருவரும் பேசி நாலு மாதமாகியிருந்தது. சண்டையெல்லாம் இல்லை. அவளுக்கு வேலை இருக்கும் என்று இவளும், அம்மாவுக்கு வேலை இருக்கும் என்று அவளும் இருந்துவிட்டார்கள்.

தன்ஷிகா தலையை வாரிக்கொண்டு அழைத்தாள். எடுத்தது வீட்டு இயந்திரன்.

“நான் ஆதினியோட அம்மா. அவளைக் கொஞ்சம் கூப்பிடுப்பா.”

“தூங்குகிறார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.”

“சாயங்காலம் அஞ்சு மணிக்கா? உடம்புக்கு என்ன?”

“தலைவலி. இப்போதெல்லாம் தினமும் வருகிறது. ஒவ்வாமை மாத்திரை போட்டிருக்கிறார்.”

“அவளுக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாதே! அதைப் போடச் சொல்லி யாரு சொன்னா?”

மூன்று விநாடி கழித்துப் பதில் வந்தது.

“நீங்கள்தான். கடைசியாகப் பேசியபோது சொன்னீர்களே, ‘தலைவலிக்கு எனக்கு இந்த மாத்திரை நல்லாக் கேக்குது, நீயும் போட்டுப் பாரு’ என்று.”