ஜன்னல் பாப்பாவுக்கு ஒரு வாய்

சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலத்தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. கட்டிலும் காஸ் அடுப்பும் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கைக்குழந்தை டிஜோவைத் துண்டில் பொதிந்து மார்போடு அணைத்தபடி பிலோமி உள்ளே நுழைந்தாள். அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டு மூத்தவள் ஆன்மேரி வந்தாள். அவளுக்கு மூன்று வயது நிறையப் போகிறது.

புருஷன் ஜோபிக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பொறுப்பு கிடைத்திருந்தது. அந்த வேலைக்கு உரிய வீடு இது. கீழே தொழிலாளர் லயத்தில் ஒரே அறைக்குள் சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்றவளுக்கு இங்கே இரண்டு அறை, தனியாகக் குளியலறை, சமையல்கட்டில் பெரிய கண்ணாடி ஜன்னல். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பிலோமிக்கு அதற்குத் தெம்பில்லை. டிஜோ பிறந்ததிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் தூங்கியதே கிடையாது. ஜோபி சிரித்தபோது அவளும் சிரித்து வைத்தாள்.

சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தபோது வெளிவிளிம்பில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. மழைத்தண்ணீர் தளும்பியது. அடியில் ஊறிப்போன சோற்றுப் பருக்கைகள். பக்கவாட்டில் யோகப்பிரியா என்று பேர் வெட்டியிருந்தது. முன்பு குடியிருந்தவர்களின் பிள்ளையாக இருக்கும். அந்த ஜன்னலுக்குக் கீழே தரை சட்டென்று சரிந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கும் கீழேதான் மண்; அதன் பிறகு ஏலச்செடிகள், இருட்டு, ஈரம். காக்காய்க்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கிண்ணம் நல்ல கனம். கழுவி, ஆன்மேரிக்கென்று எடுத்து வைத்தாள்.

ஆன்மேரிக்குச் சோறு ஊட்டுவது ஒரு தனி உத்தியோகம். சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டாலும் மறுநாள் யாரும் வரமாட்டார்கள். வாங்கிய வாயை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவாள். கறிவேப்பிலை அகப்பட்டால் போச்சு. நாக்கால் தள்ளி, விரலால் எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டி வைப்பாள். ஒன்றை ஒன்று தொடாமல் வரிசையாக ஒட்டி, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். அவள் செய்கிற கூத்தைப் பார்த்து டிஜோ பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பான். அக்காவுக்கு மட்டும்தான் அந்தச் சிரிப்பு. பெற்றவள் நாள் முழுக்கக் கொஞ்சினாலும் வராது.

லயத்தில் இருந்தபோது போனில் பொம்மைப் படம் ஓடவிட்டு ஊட்டிவிடலாம். அதுவும் பலிக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டி, "அவனுக்குக் குடுத்துருவேன்" என்று மிரட்டலாம். இங்கே போனுக்கு ரேஞ்ச் இல்லை. பக்கத்து வீடும் இல்லை. காயெடுப்புச் சமயம் என்பதால் ஜோபி குளித்து உடை மாற்ற மட்டும் வந்து போனான். புகையும் ஏலக்காயும் கலந்த அவன் வாடை மட்டும் வீட்டில் மிச்சமிருந்தது.

ஒரு சாயங்காலம், மடியில் டிஜோ பால் குடித்துக்கொண்டிருக்க, கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருக்க, பிலோமி ஜன்னலைக் காட்டினாள்.

"அங்க பாரு, ஜன்னல்ல ஒரு பாப்பா நிக்குது. சோறு கேக்குது. குடுத்துரவா?"

வெளியே மூடுபனி மட்டும்தான் இருந்தது. ஆன்மேரி அதையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

பிலோமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் சொல்கிற பொய்தானே. மறுநாளும் சொன்னாள். பொய்க்கு வலு போதவில்லை என்று தோன்றியபோது ஜன்னலைத் திறந்து, "இந்தா பாப்பா, உனக்கு ஒரு வாய்" என்று ஓர் உருண்டையை வெளிவிளிம்பில் வைத்துக் காட்டினாள். காலையில் அது இருக்காது. மலையணிலுக்குச் சோறு பிடிக்குமா என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

சாரல் விடாமல் அடித்த ஒரு நாளில் ஆன்மேரி சொன்னாள்.

"அம்மா, பாப்பா சட்டை நனைஞ்சிருச்சு."

பிலோமி திரும்பிப் பார்க்கவில்லை. "நீ வாயத் தொற" என்றாள்.

இன்னொரு நாள் கண்ணாடியின் கீழ்மூலையில் சின்னதாக ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. ஆன்மேரியின் வேலை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கை வெளிப்பக்கத்தில் இருந்தது.

துணியை அலசிக் காயப்போட்டாள். பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அங்கன்வாடியில் எடை பார்த்த டீச்சர் முகத்தைச் சுளித்தாள். போன மாதத்தைவிடப் பிள்ளை இளைத்திருக்கிறது, வீட்டில் அப்படியென்ன வேலை என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அமிர்தம் சத்துப்பொடிப் பொட்டலங்களைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினாள். பிலோமி தலையாட்டிவிட்டு மேடேறினாள். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அதுகூட இல்லை.

மறுநாள் மத்தியானமே மூடுபனி ஏறிவிட்டது. கரண்டும் இல்லை. டிஜோ வீல் வீலென்று கத்தினான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியது. ஆன்மேரி வெகுநேரம் அதக்கி வைத்திருந்த சோற்றை அம்மாவின் முகத்தில் துப்பினாள்.

பிலோமி முகத்தைத் துடைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நீ சாப்புட வேணாம். வெளிய போ. நான் அந்தப் பாப்பாவ உள்ள எடுத்துக்கிடுவேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் மிரட்டலோடு போயிருக்கும். அன்று அவளுக்குக் கோபமே வரவில்லை. சொன்ன நேரத்தில் அதை முழு மனசோடுதான் சொன்னாள்.

டிஜோவின் அழுகை சட்டென்று நின்றது.

கருகிய பாலின் நெடிக்கு நடுவே மக்கிய இலையின் வாசம் வந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

ஆன்மேரி வாயைத் திறந்தாள்.

ஒரு வாய், அடுத்த வாய், அதற்கடுத்தது. அதக்கவில்லை. கறிவேப்பிலையையும் மென்று விழுங்கினாள். கிண்ணத்தை வழித்து, விரலை நக்கி, "இன்னும்" என்றாள். பிலோமி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் எல்லோரும் மெச்சினார்கள். பிள்ளைக்குக் கன்னம் உப்பியது. அங்கன்வாடி டீச்சர் மற்ற அம்மாக்களுக்கு அவளைத் தூக்கிக் காட்டினாள். ஜோபி புதுக் கவுன் வாங்கி வந்தான். நைட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவதில்லை, அடம் இல்லை, படுத்ததும் தூங்கினாள். அம்மாவுக்குத் துணி மடித்துக் கொடுத்தாள். இப்படி ஒரு பிள்ளைக்காகத்தானே பிலோமி மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது. ஆனால் யாரோ வர வேண்டியிருக்கிறது, இன்னும் வரவில்லை என்று மட்டும் அவளுக்கு எப்போதும் தோன்றிக்கொண்டிருந்தது.

பிள்ளை ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் எவ்வளவு விளையாட்டுக் காட்டினாலும் டிஜோ சிரிப்பதில்லை.

லயத்திலிருந்து ரோசி அக்கா விறகு கொண்டுவந்தபோது, முற்றத்தில் வைத்து, முன்பு இங்கே யார் இருந்தார்கள் என்று பிலோமி கேட்டாள். கம்பெனி ஜீப் டிரைவர் குடும்பம் என்றாள் ரோசி. ஒரே ஒரு பெண் குழந்தை. முதலில் சோறே இறங்காதாம், அப்புறம் சட்டி சட்டியாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டதாம். ஆனால் தாய்க்காரிதான் ஒரு மாதிரி ஆகிவிட்டாளாம். ஜன்னலில் சோறு வைப்பாளாம். மாற்றலாகிப் போகிற அன்று ஜீப்பில் ஏறவே மாட்டேன் என்றாளாம்.

"புள்ளய மடியில வச்சுக்கிட்டே, எம் புள்ளய விட்டுட்டுப் போறேனேன்னு அழுதா பாத்துக்க" என்றாள் ரோசி. "பாக்கப் பாவமா இருந்துச்சு."

ரோசி போன பிறகு பிலோமி உள்ளே வந்தாள். பிள்ளை தரையில் உட்கார்ந்து காலிக் கிண்ணத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அதில் வெட்டியிருந்த பேரின் மேல் அவள் விரல் போய்ப் போய் வந்தது. பிலோமி கதவருகிலேயே நின்றாள்.

"யோகப்பிரியா" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

பிள்ளை திரும்பினாள்.

"என்னம்மா?"

அந்த முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. ஆன்மேரியின் கண், ஆன்மேரியின் மூக்கு, நெற்றியில் ஆன்மேரி விழுந்து வாங்கிய தழும்பு. பசித்த பிள்ளை சாப்பிட்டு முடித்த நிம்மதி. இவளும் ஒருத்தி பெற்றவள்தானே என்று பிலோமி நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் வெறுக்கவும் முடியாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் ரசம் சோற்றைப் பிசைந்து ஜன்னலின் வெளிவிளிம்பில் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள்.

சோறு இல்லை. கறிவேப்பிலைகள் மட்டும் இருந்தன. ஒன்றை ஒன்று தொடாமல் வரிசையாக.

பிலோமி வாய்விட்டு அழ நினைத்தாள். அழுகை வரவில்லை. ஜன்னலைத் திறந்து, கீழே செடிகளுக்குள் பார்த்து, "ஆன்மேரி, உள்ள வாம்மா. அம்மா சும்மா சொன்னேன்" என்றாள். ஏல இலைகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

உள்ளே வந்தது எந்த வழியோ, அந்த வழியாகத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளையிடம்தான் அந்தப் பேச்சு எடுபடும். இவள் வாயைத் திறந்துகொண்டே இருந்தாள். பிலோமி பாகற்காயை வேகவைத்துக் கொடுத்தாள். தின்றாள். மிளகாயை அரைத்துப் பிசைந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, தட்டில் மிச்சம் வைக்காமல் தின்றாள்.

"வேணாம்னு சொல்லும்மா" என்று பிலோமி கெஞ்சினாள். "ஒரு வாட்டி சொல்லு."

"பசிக்குதும்மா" என்றாள் பிள்ளை.

பிலோமி அவளை இழுத்து மடியில் போட்டு, வாயைக் கழுவி, சர்க்கரை கொடுத்தாள். பிறகு மிளகாயை எடுக்கவில்லை.

ஜோபியிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தூக்கம் இல்லாததால் வருகிற கோளாறு என்றான். காயெடுப்பு முடிந்ததும் கீழே லயத்துக்கே போய்விடலாம், அங்கே பேச்சுத்துணை இருக்கும் என்றான்.

"நான் வரல" என்றாள் பிலோமி.

அவள் தினமும் ஜன்னலில் சோறு வைத்தாள். சாரல் நாட்களில் ஆன்மேரியின் பழைய ஸ்வெட்டரையும் வைத்தாள். காலையில் ஸ்வெட்டர் அங்கேயே, நனைந்து கிடக்கும். சோற்றுக்குப் பதில் இலை வரிசை இருக்கும். சில நாள் வரிசை கோணலாக இருந்தது. பிள்ளைக்குக் கை விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டிஜோவுக்குச் சோறு ஊட்டத் தொடங்குகிற மாதம் வந்தது. பருப்பும் சோறும் குழைய வேகவைத்து, சாயங்காலம் அவனை மடியில் சாய்த்துக்கொண்டாள். முதல் வாயைச் சப்புக்கொட்டி வாங்கினான். அடுத்ததற்கு உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சமையல்கட்டில் இனி எந்தப் பிள்ளையையும் பேசி மசியவைத்து ஊட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். பசித்தால் தானே குடிக்கட்டும்.

பிள்ளை நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தம்பியின் வாயைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். பிரியமாகத்தான் கரண்டியை எடுத்தாள். பிலோமியின் குரலிலேயே, அதே இழுப்போடு, சொல்லத் தொடங்கினாள்.

"அங்க பாரு டிஜோ. ஜன்னல்ல ஒரு பாப்பா நிக்குது. சோறு கேக்குது."

அவளை நிறுத்த வேண்டும் என்று பிலோமிக்குத் தெரிந்தது.

கண்ணாடியின் கீழ்மூலையில், வெளிப்பக்கம், மூச்சுக்காற்றின் ஆவி வட்டமாகப் படிந்தது. மங்கியது. மறுபடி படிந்தது.

இன்னும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதையும் இவள் சொல்லிவிட்டால், இத்தனை நாள் நனைந்துகொண்டு நிற்கிறவள் உள்ளே வந்துவிடுவாள்; டிஜோ வெளியே போய்விடுவான்.

பிலோமியின் கை எழவில்லை.

"நீ சாப்புடலைன்னா..." என்றாள் பிள்ளை.

கை எழுந்தது. அந்தச் சின்ன வாயைப் பிலோமி இறுகப் பொத்தினாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மடியில் கிடந்த டிஜோ யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன், வெகுநாளைக்குப் பிறகு, பொக்கை வாய் முழுக்கச் சிரித்தான்.