பல்லாவரம் சந்தையில் வாங்கிய கீபோர்டு

எழுத்து மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகும், கூடத்து மேசையிலிருந்து கீபோர்டு தட்டும் சத்தம் வந்தது. மிருதுளா குளியலறையில் பிரஷ்ஷும் கையுமாக நின்றாள். டக். ஒரு மூச்சுவிடும் நேரம். டக்.

அது பத்ரியின் தட்டல்.

பழைய கீபோர்டுகளைத் தேடி வாங்கிப் பிரித்துத் துடைத்து ஓட வைப்பது கணவனும் மனைவியும் சேர்ந்து பிடித்துக்கொண்ட கிறுக்கு. சேலையூர் வீட்டு அலமாரி முழுக்க அவைதான். பக்கவாதம் பத்ரியின் பேச்சையும் வலது பக்கத்தையும் கொண்டுபோன பிறகு, அவற்றில் ஒன்றை மடியில் வைத்து இடது ஆட்காட்டி விரலால் தட்டித்தான் அவளோடு பேசினான். காபி கேட்டான். சண்டை போட்டான். சில நாள் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம்.

இந்தக் கீபோர்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. பெருங்களத்தூர் பக்கம் ரொம்ப வருஷம் பூட்டிக்கிடந்த ஏதோ டைப் அடிக்கிற ஆபீசிலிருந்து வந்ததாம். "நல்ல கனமா கீது பாருங்கக்கா" என்றார் பழைய சாமான் விற்கும் லாசரஸ். "ஆனா வாங்கினு போனவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க."

அவள் கூடத்துக்கு வந்தாள். வெளியே சாயங்கால மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அறையின் பழைய வியர்வை வாடையும் வந்தது. எதிலும் செருகாத வயர் சுருண்டு கிடக்க, மொட்டையாய் நின்ற விசைகளில் ஒன்று தானாக அமுங்கி எழுந்தது.

பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வருஷத்துக் கதையை அவனிடம் சொன்னாள். ஸ்கூட்டரை விற்றதை, தெருமுனை வேம்பை வெட்டியதை, கட்டிலில் படுக்கப் பிடிக்காமல் கூடத்திலேயே தூங்குவதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டக்.

கீழ் வீட்டு ஏஞ்சல், மொட்டைமாடியில் நனைந்துகொண்டிருந்த மிருதுளாவின் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உனக்கும் கேக்குதா ஏஞ்சல்? அவர் தட்டற மாதிரியே இல்ல? அந்த ஒத்த விரல்?"

ஏஞ்சலின் முகம் வெளுத்தது. "ஒத்த விரலா? அக்கா, மாடிப்படியிலயே கேட்டுச்சு. ஒரு கூட்டமே உக்காந்து டைப் அடிக்குது."

கீழே வந்துவிடும்படி கெஞ்சினாள். வருகிறேன் என்றாள் மிருதுளா. துணிகளை நிலையருகே போட்டுவிட்டு ஏஞ்சல் தடதடவென்று இறங்கிப் போனாள்.

கரண்ட் போனது.

மிருதுளா காதைத் தீட்டிக்கொண்டாள். டக். அவனேதான். அந்தச் சத்தத்துக்கு அடியில் மழை. சன்னமாய், விடாமல், வேகமாய்.

ஜன்னலைப் பார்த்தாள். மழை விட்டிருந்தது.

சத்தம் விடவில்லை.

விரல்கள். எத்தனையோ விரல்கள். அவள் உட்கார்ந்ததிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தவை. அவற்றின் மேல் அந்த ஒற்றைத் தட்டல், அவள் காதுக்கென்றே எடுத்து வைத்தது போல. இப்போது அதுவும் மங்கியது. அமுங்கியது.

எழுந்து ஓடிவிடலாம். கதவு பக்கத்தில்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் அவன் இருந்தால்?

"பத்ரி" என்று கையை நீட்டி, துடித்துக்கொண்டிருந்த விசைகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

எல்லாம் நின்றது.

மின்னல் வெட்டியது. அவள் விரல்களுக்கு இடையே வேறு விரல்கள். நுனி தேய்ந்து தட்டையானவை. நகமில்லாதவை. கீபோர்டுக்குள்ளிருந்து எழுந்து அவள் கையைக் கோத்துப் பிடித்திருந்தன.

இருட்டில், மற்றக் கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இது இல்லை. இதுவும் இல்லை.

எதுவும் அவனுடையதில்லை.

இன்னும் வந்துகொண்டிருந்தன.